மேற்கே வீடு, கிழக்கே கூடாரம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வாசிகளுக்குத் தண்ணீர் இரண்டு விதமாகத்தான் பரிச்சயம். சித்திரை வைகாசியில் லாரியில் வரும். ஐப்பசி கார்த்திகையில், யாரும் அழைக்காமலே, வீட்டுக்குள் வரும். மூன்றாவதாகச் சமுத்திரம் என்று ஒன்று இருப்பதை எங்கள் வீட்டு எட்டு வயதுச் சிறுமி மெரீனாவில் அறிந்திருந்தாள். அங்கேயும் அவள் கடலைப் பார்த்ததைவிடக் கடலை தின்றதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மெரீனாவில் என்ன தெரியும்? நமக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகு தெரியும்.

அப்படி ஒரு முறை போய்விட்டு மின்சார ரயிலில் அம்பத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் ராத்திரியிலே கடல் என்னப்பா பண்ணும்?"

பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு வாசகர்களின் கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று பதில் எழுதுகிறவன் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் பேனா ஓடவில்லை. "ஒரு ராத்திரி அங்கேயே தங்கிப் பார்த்துவிட்டால் தெரிந்துபோகிறது" என்றேன். அந்த ஒரு வார்த்தையைக் குழந்தை பிடித்துக்கொண்டாள். ஒரு மாதம் விடவில்லை.

இப்போது, நேயர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டா, இல்லையா?

நான் விசாரித்த பத்துப் பேரில் ஏழு பேர் "இல்லை" என்றார்கள். திருவள்ளூர் என்றால் வீரராகவப் பெருமாள், பூண்டி ஏரி, ஆவடி டாங்கித் தொழிற்சாலை. கடல் எங்கே வந்தது என்றார்கள். உண்டு, ஐயா, உண்டு! பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு இருக்கிறது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் எந்த மாவட்டமோ, அதே மாவட்டம்தான். 2018ஆம் வருஷம் சென்னையோடு சேர்க்கும் வரையில் அம்பத்தூருக்கும் அதுவே மாவட்டம். நம் சொந்தக் கடற்கரையை நாமே பார்த்ததில்லை!

மூன்று நிபந்தனைகள்

கூடாரம் என்று சொன்னவுடன் வீட்டில் ஒரு சின்னப் பூகம்பம் உண்டாயிற்று.

"கடலும் நெருப்பும் ஒண்ணுப்பா. பெண் குழந்தையைக் கொண்டுபோய் அதன் வாசலில் படுக்க வைக்கிறேன் என்கிறாயே!" என்றாள் என் தாயார்.

அம்மாவின் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்ததே, அது மெரீனாவில் விளையாடிக்கொண்டிருந்தவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. அதை மறந்தவர் யார்? பழவேற்காட்டுக்கென்று தனியாக ஒரு துக்கமும் உண்டு. 2011ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அங்கே உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டுபோனார்கள். குடும்பம் குடும்பமாகப் போனவர்கள்; குழந்தைகளும் அவர்களில் உண்டு. அதற்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள்.

என் மனைவி இரண்டு பக்கத்து வாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்.

"கடலைக் காட்டாமலே வளர்த்தால் மட்டும் இவள் கடலுக்குப் போகாமல் இருந்துவிடுவாளா? பதினெட்டு வயதில் சிநேகிதிகளோடு போவாள். அப்போது யார் சொல்லிக் கொடுப்பார்கள்? இப்போதே நாம் கூட இருந்து பழக்குவோம். ஆனால் மூன்று நிபந்தனை. படகு கிடையாது. கூடாரத்தை நாம் நினைத்த இடத்தில் போடக் கூடாது. அந்த ஊர்க்காரர்கள் காட்டுகிற இடத்தில்தான் போட வேண்டும். கடல் எச்சரிக்கை ஏதாவது வந்தால், பொழுது எதுவானாலும் மூட்டை கட்டிவிட வேண்டும்."

இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஹைதராபாத்தில் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இருக்கிறது. சுனாமிக்கு முன்னெச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு அங்கே 2007 முதல் நடக்கிறது. அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்று தினசரி முன்னறிவிப்பும் தருகிறார்கள். நாங்கள் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே என் மனைவி அதைக் கைப்பேசியில் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பால் கணக்கைக்கூட அவள் இத்தனை சிரத்தையாகப் பார்த்ததில்லை.

மாசி மாதம், மகத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை. பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைக்கு மட்டும் லீவு சொன்னோம்.

பூநாரையும் எலும்புக்கூடும்

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இப்போது பழவேற்காடு வெகு சுலபம். சென்னை நகரத்துக்குள் தலையை நீட்டவே வேண்டாம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை போட்டிருக்கிறார்கள். ஆவடிக்குப் பக்கத்தில் நெமிலிச்சேரியில் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டரில் மீஞ்சூர். அங்கிருந்து பொன்னேரி, பொன்னேரியிலிருந்து இன்னும் 18 கிலோமீட்டர் கிழக்கே. கார் இல்லாதவர்கள் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

பழவேற்காட்டை நெருங்க நெருங்கக் காற்றில் உப்பு ஏறுகிறது. திடீரென்று நிலம் தீர்ந்துபோய் ஏரி விரிகிறது. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியான பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திர தேசத்தில் இருக்கிறது. தெற்கு முனைதான் நம்முடையது. ஆரணி ஆறு இந்தப் பக்கம் வந்து விழுகிறது. வடக்கே ஆந்திராவில் காளங்கி ஆறு. முகத்துவாரம் வழியாகக் கடலும் உள்ளே வந்து கலக்கிறது. அதனால் மழைக்காலத்தில் ஏரிக்கு ஒரு ருசி, கோடையில் ஒரு ருசி!

ஆழம் மட்டும் அதிகமில்லை. பல இடங்களில் இடுப்பளவுகூட வராது. அந்த ஆழத்தில் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போட ஓலைப் பறி. கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். "நான் புத்தகப் பையை முதுகிலே தூக்கவே அழறேனே!" என்றாள் மகள், தானாகவே.

தூரத்தில் தண்ணீரின் மேல் யாரோ வெள்ளையும் ரோஜா நிறமுமாகத் துணி உலர்த்தியிருப்பது போலிருந்தது. கரையில் நின்றவர் ஒருவர், "பூநாரை" என்றார். நீண்ட கால், வளைந்த மூக்கு. தலையைக் கவிழ்த்துக்கொண்டு சேற்றை வடிகட்டித் தின்னும் பறவை. குளிர்காலத்தில் வந்து, கோடை முற்றுவதற்குள் போய்விடுகின்றன.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1613ஆம் வருஷம் அவர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமை ஸ்தலம். நம் நெசவாளர்களின் துணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். துணிகளோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள் என்பது சரித்திரம். கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்ட வாசலில் மாத்திரம் இரண்டு கல் எலும்புக்கூடுகள் இன்னும் காவல் நிற்கின்றன. குழந்தை பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கிட்டப் போய் விலா எலும்பை எண்ணிப் பார்த்தாள்.

அடம்பங்கொடிக்கு மேற்கே

எங்கள் கூடாரத்துக்கு நண்பர் ஒருவர் மூலமாக இடம் ஏற்பாடாகியிருந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் மணல் திட்டில், ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பு. குப்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அத்தனை பேரும் அங்கே போய் நிற்பீர்கள். அந்த ஊர் தாங்காது!

தோப்புக்காரரின் சம்மதம் இருந்தாலும், முதலில் குப்பத்துப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னோம். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை தெரிவித்துவிட்டு வந்திருந்தோம். பெரியவர் ஒருவர் எழுந்து எங்களோடு நடந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கடலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்.

"சார், ஒரு விஷயம் பார்த்துக்குங்க" என்று மணலைக் காட்டினார். கடலோரத்து மணல் ஈரமாக, வழவழவென்று இருந்தது. அதற்கு மேலே உலர்ந்த மணல். அதற்கும் மேலே ஊதாப் பூப் பூத்த அடம்பங்கொடியும், முள் முள்ளாக இராவணன் மீசையும் படர்ந்திருந்தன. "இந்தக் கொடி எங்கே ஆரம்பிக்குதோ, அதுக்குக் கீழே கடலோட எடம். மேலே நம்ம எடம். மகத்துக்கு முன்னாடி தண்ணி ஏறும். கொடிக்கு மேக்கால போய்ப் போடுங்க."

விஷயம் சுலபமானது. உப்புத் தண்ணீர் அடிக்கடி வந்து போகிற இடத்தில் கொடி வேர்விடாது. ஆகவே கொடி தொடங்கும் கோடுதான் கடல் போட்டு வைத்திருக்கிற சர்வே கல். பௌர்ணமியை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியும் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் அதிகம் ஏறும். பஞ்சாங்கம் பார்த்துக் கல்யாணம் வைக்கிற நாம், கூடாரம் போடுவதற்கும் அதைப் பார்க்கலாம்.

மணலில் முளை அடித்தால் நிற்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு மூட்டை. பிறகு யானை வந்து இழுத்தாலும் கூடாரம் அசையாது. தோப்புக்குள் அடுப்பு மூட்டவில்லை. சவுக்குச் சருகு பெட்ரோலுக்குத் தம்பி. ஒரு பொறி போதும். வெறும் மணலில் பள்ளம் பறித்து, சின்ன கேஸ் அடுப்பை வைத்துக் காற்றுக்குப் பலகை மறைத்தோம். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு கேன் தண்ணீர். புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு. காவல்காரர் வீட்டுக் கழிப்பறையை உபயோகித்துக்கொள்ள அனுமதி. இந்தக் கடைசி அம்சம் இல்லாவிட்டால் என் மனைவி வந்திருக்கவே மாட்டாள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கடலின் கைவரிசை

சாயங்காலம் பெரியவர் குழந்தைக்கு முதல் பாடம் நடத்தினார். அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் மாத்திரம் அலை உடையாமல் தண்ணீர் சாந்தமாக, சற்றுக் கலங்கலாக இருந்தது.

"பாப்பா, குளிக்கணும்னா எங்கே எறங்குவே?"

அவள் அந்தச் சாந்தமான இடத்தைக் காட்டினாள். நானாக இருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பேன். நீங்களும் அதைத்தான் காட்டுவீர்கள்.

"அங்கேதான் எறங்கக் கூடாது. கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போவும். உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

கரையில் ஏறிய தண்ணீர் எந்த வழியாகவாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டுமல்லவா? மணலில் பள்ளமான வாய்க்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது வேகமாக வெளியே ஓடுகிறது. அகப்பட்டவர்கள் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். கரைக்குப் பக்கவாட்டாக நீந்தினால் அந்த ஓட்டத்தின் அகலத்தைத் தாண்டிவிடலாம். நீந்தத் தெரியாதவர்களுக்கு ஒரே வழி, முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பதுதான். நாங்கள் மூவரும் கணுக்காலோடு நிறுத்திக்கொண்டோம்.

அன்றிரவு நிலா வெளிச்சத்தில் கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விளக்குகள் அடிவானத்தில் ஒரு நகரம் எரிவது போலத் தெரிந்தன. வடக்கே இருட்டு. அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. 1980ஆம் வருஷம் ஜூலை 18ந் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணியைத் தூக்கிக்கொண்டு போனது அங்கிருந்துதான். ராக்கெட் புறப்படுகிற நாளில் இந்தக் குப்பத்து ஜனங்கள் வாசலில் நின்றே பார்க்கிறார்களாம்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "அப்பா, சத்தம் நிக்கவே நிக்காதா?" என்றாள். அலைச் சத்தம் பகலைவிட இரவில் பெரிதாகக் கேட்டது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. 'ஊருக்குப் போகலாம்' என்ற வார்த்தை உதட்டு நுனி வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலைகளை எண்ண ஆரம்பித்தாள். பெரிய அலை எது, அடுத்த பெரிய அலை எத்தனையாவது என்று. நூற்றுச் சொச்சம் எண்ணுவதற்குள் குழந்தை தூங்கிப்போனாள். சத்தம் நிற்கவில்லை, பயம் நின்றுவிட்டது.

நாலரை மணிக்கு அவளை எழுப்பினோம். நிலா மேற்கே, நம் அம்பத்தூர்ப் பக்கமாக, இறங்கிவிட்டிருந்தது. தெற்கு வானத்தில் விருச்சிகம் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு முழுசாகத் தெரிந்தது. தன் நட்சத்திரம் கேட்டை என்று பாட்டி சொல்லக் கேட்டிருந்தாளே தவிர, அதைக் கண்ணால் கண்டதில்லை. நடுவில் செக்கச்செவேலென்று இருந்ததைக் காட்டினோம். படகுகள் புறப்படும் நேரம். இருட்டில் ஆட்கள் படகைத் தள்ளும் குரல். இரவில் கடல் சும்மா இருப்பதில்லை. அதோடு சேர்ந்து ஓர் ஊரே விழித்துக்கொண்டிருக்கிறது.

பங்குனி ஆமை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு துக்கமான காட்சி. கரையில் ஓர் ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. இரண்டு அடி நீளம் இருக்கும். பங்குனி ஆமை என்று சொல்கிறார்கள். தை பிறந்ததும் இந்தக் கரைக்கு முட்டையிட வருகிற ஜாதி. 2025 ஜனவரியில் சென்னைச் சுற்றுவட்டாரக் கரைகளில் இவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

"நீச்சல் தெரிஞ்ச ஆமை எப்படிச் செத்துப் போச்சு?"

நல்ல கேள்வி. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவலைக்குள் அகப்பட்டால் மேலே வர முடியாது. தண்ணீரிலேயே வாழ்கிற பிராணி தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகிறது. வலையிலேயே ஆமை மட்டும் தப்பித்துப் போக ஒரு வாசல் வைக்க முடியும், வைத்துமிருக்கிறார்கள். எல்லாரும் வைக்க வேண்டும், அவ்வளவுதான். சிறுமி வெகு நேரம் பேசவில்லை. கை நிறைய அடம்பம்பூ பறித்து வந்து ஆமையின் அருகில் வைத்தாள்.

மத்தியானம் அவள் கண் படகின் மேல் விழுந்தது. ஏரியில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. "ஒரே ஒரு ரவுண்டு அப்பா!" என்று கெஞ்சினாள், பிறகு அழுதாள். நிபந்தனையை நினைவூட்டினோம். அழுகை அதிகமாயிற்று. பெரியவர்தான் காப்பாற்றினார்.

"ஏரியிலே பல எடத்துலே ஆழமில்லை பாப்பா. ஆனா முகத்துவாரத்துலே ஏரித் தண்ணியும் கடல் தண்ணியும் மல்லுக்கு நிக்கும். எங்களுக்கே அங்கே பயம் உண்டு. பயம் இருக்கிறவன்தான் கெழவன் ஆவான், என்னை மாதிரி!" என்றவர், "வா, வேலை இருக்கு" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் இரண்டு வரிசையாக நின்று கயிறு இழுக்க, கடைசியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் இழுத்ததனால் வலை எத்தனை அங்குலம் நகர்ந்திருக்கும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. வலை கரைக்கு வந்ததும் பங்கு பிரித்தார்கள். அவளுக்கும் மூன்று மீன் கொடுத்தார்கள். "சும்மா இல்லை, கூலி" என்றார் பெரியவர். ஜன்மத்தில் அவள் சம்பாதித்த முதல் சம்பளம்!

பங்கு என்று சொன்னேனே, இந்த ஏரியில் அது பெரிய சாஸ்திரம். எந்தெந்தத் துறையில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். 'பாடு' என்று பெயர். சீட்டுப் போட்டு வரிசை நிர்ணயிப்பார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிரந்தரம் என்பது கிடையாது. இன்று உனக்கு, நாளை எனக்கு. அந்த முறைக்குள் இடம் பெறாதவர்களும் உண்டு, அதனால் வழக்குகளும் உண்டு. ஆனாலும் எல்லாரும் ஒரே நாளில் ஏரியைச் சுரண்டித் தீர்க்காமல் பல தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறது. அம்பத்தூரில் ஏரிகளைக் காப்பாற்ற இப்படி ஒரு 'பாடு' இருந்திருந்தால் நாம் படுகிற பாடு குறைந்திருக்கும்.

மூன்றாவது குச்சி

அன்று மாலை குழந்தை ஒரு காரியம் செய்தாள். ஈர மணலிலிருந்து அடம்பங்கொடி வரைக்கும் ஐந்து சவுக்குக் குச்சிகளை வரிசையாக நட்டாள். தண்ணீர் எந்தக் குச்சி வரை வருகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். பொழுது சாய்ந்த பிறகு கொண்டல் காற்று பலமாக எழுந்தது. கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் முதல் குச்சியைத் தாண்டியது. இரண்டாவது குச்சியை விழுங்கியது. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் மூன்றாவது குச்சியின் காலை நனைத்தது.

உங்களிடம் மறைப்பானேன்? அந்தக் கால் மணி நேரம் என் வயிற்றில் என்னவோ செய்தது. கையில் கார்ச் சாவி. மனைவி கைப்பேசியில் எச்சரிக்கை ஏதும் இல்லை என்பதை மூன்றாம் முறையாகப் பார்த்தாள். குழந்தைதான் டார்ச் லைட்டும் நோட்டுமாக நிதானமாக நின்றாள். "கொடிக்கு இன்னும் ரெண்டு குச்சி பாக்கி இருக்கு. தாத்தா சொன்ன கணக்குத் தப்பாது" என்றாள். முதல் நாள் இரவு சத்தத்துக்கே நடுங்கினவள்!

கணக்குத் தப்பவில்லை. நான்காவது குச்சியைத் தண்ணீர் தொடவேயில்லை. மெள்ள மெள்ளப் பின்வாங்கியது. புதைத்த நான்கு மூட்டைகளும் கூடாரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டன.

திங்கட்கிழமை விடியற்காலை மணலில் ஒரு விசித்திரமான தடம். கடலிலிருந்து ஏறி, கொடி வரைக்கும் வந்து, வளைந்து திரும்பிக் கடலுக்கே போயிருந்தது. "ஆவடி டாங்கி வந்துட்டுப் போயிருக்கு!" என்று கத்தினாள் மகள். பங்குனி ஆமையின் தடம்தான். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, கூடாரத்திலிருந்து ஐம்பது கஜ தூரத்தில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது!

ஆமை முட்டை தேடிக் கரையோரம் நடக்கும் குழுவினர் வந்தார்கள். சென்னைக் கரையில் மாணவர்கள் 1988 முதல் இரவு இரவாக நடந்து இந்தத் தொண்டைச் செய்து வருகிறார்கள். வனத்துறையும் குஞ்சு பொரிக்கும் இடங்கள் அமைத்திருக்கிறது. வந்தவர்கள் குச்சியால் பதமாகக் குத்திப் பார்த்து, முழங்கை ஆழத்தில் முட்டைகளை எடுத்தார்கள். பிங்பாங் பந்து போல, நூற்றுக்குச் சற்று மேல். அவற்றை வேலி போட்ட மணலில் புதைத்து வைத்தால் ஏறக்குறைய 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு வரும். மணல் சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள் அதிகம். சூடு குறைந்தால் ஆண் குஞ்சுகள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும். பழைய நாளில் இரவுக் கடலின் மினுமினுப்பு மட்டும்தான் வெளிச்சம்; இப்போது தெரு விளக்கைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு வந்துவிடுகின்றன. முதல் நாள் இறந்த ஆமைக்குப் பூ வைத்த கை, தடத்தை மிதித்துவிடாமல் அதன் ஓரத்தில் பதிந்து அகலத்தை அளந்தது. நான்கு சாணுக்குக் கொஞ்சம் அதிகம் என்று நோட்டில் ஏறியது.

போகிறவர்களுக்கு

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, 'நாமும் போனால் என்ன?' என்று உங்களுக்குத் தோன்றினால் எனக்குச் சந்தோஷம். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைக்கும் நல்ல பருவம். ஐப்பசி கார்த்திகையில் புயல் உங்களுக்கு முன்னால் அங்கே போயிருக்கும், வேண்டாம். பொது இடத்தில், அனுமதியில்லாமல், இருட்டிய பிறகு தங்காதீர்கள். ஆமை வருகிற மாதத்தில் கரையில் டார்ச் லைட்டைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள். படகு என்ற பேச்சே வேண்டாம். குழந்தையின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், கைப்பேசியைக் கொடுக்காதீர்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மூன்று பேருக்கு இரண்டு ராத்திரிக்கு ஆன செலவு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ராத்திரி அறை வாடகைக்குக்கூடக் காணாது. மிச்சமாகும் பணத்தில் பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனை ஓலைக் கூடை இரண்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மணலில் கால் வைப்பதற்கு முன் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தேடிப் போய், "எங்கே தங்கலாம், எங்கே இறங்கக் கூடாது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விதான் உங்களுக்குக் கோட்டைச் சுவர்.

திரும்பும்போது குப்பையையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் தங்கியிருந்த இடம் மறுநாள் யாருக்கும் தெரியக் கூடாது. "ஆமைகூடத்தானே தடத்தை விட்டுவிட்டுப் போகிறது?" என்று என்னோடு வாதத்துக்கு வராதீர்கள். அது தடத்தோடு நூறு முட்டைகளையும் அல்லவா விட்டுவிட்டுப் போகிறது!